ஆறாம் பதிப்பில் கோளாறு இல்லை

ஐயா,

உங்கள் விசாரணை அறிக்கையில் ஒரே ஒரு சொல்லைத் திருத்தச் சொல்லித்தான் வந்திருக்கிறேன். மூன்றாம் பக்கம், மேலிருந்து நாலாவது வரி. மற்றபடி நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். தேதி, நேரம், குழியின் ஆழம், என் அத்தானின் உயரம் வரைக்கும் எல்லாம் சரி. எழுத்துப் பிழை இரண்டே இரண்டுதான் கண்ணில் பட்டது. அதையெல்லாம் நான் பெரிதுபடுத்தப் போவதில்லை.

அந்த வரி இப்படிப் போகிறது: “இறந்தவரின் கைப்பேசியில் போடப்பட்டிருந்த திரைப்பூட்டுச் செயலியில் ஏற்பட்ட கோளாறு காரணமாக அவரால் உதவிக்கு யாரையும் அழைக்க இயலவில்லை.” இதில் ‘கோளாறு’ என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். நான் இதை வாயால் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, முதலிலிருந்து எழுது என்றீர்கள். பேனா விட்டு விட்டுத்தான் எழுதுகிறது. பரவாயில்லை, எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.

திரைப்பூட்டு என்றால் ஒரு படத்தைப் போட்டு அதன்மேல் மணியைக் காட்டுவது என்றுதான் ஊர் உலகம் நினைக்கிறது. என் அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். “ஒரு பூப்படத்துமேல மணி காட்டறதுக்கு ரெண்டு வருஷமாடா?” என்று மடித்த துணியைக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் கேட்பாள். அவள் வீட்டு மாடி அறையில் நான் தங்கியிருந்தேன். இருந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு செயலி எழுதப்போகிறேன் என்று வந்தவனுக்கு அவள் சாப்பாடு போட்டாள், சட்டை தேய்த்துக் கொடுத்தாள், அதற்கு ஈடாக இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். அது நியாயம்தான்.

அவளுக்குப் புரிந்த மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். போனுக்கு என்று ஏற்கெனவே ஒரு பூட்டு இருக்கிறது. அதைச் செய்தவர்கள் நம்மை உள்ளே விடமாட்டார்கள். நாம் எழுதும் செயலி அந்தப் பூட்டுக்கு முன்னால் ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டு, ‘இதுதான் கதவு’ என்று சாதிக்க வேண்டும். போன் நம்மை நம்பாது. மின்கலத்தைத் தின்னும் ஒட்டுண்ணி என்று நினைத்து நடுவில் கழுத்தை நெரித்துவிடும். ஒரு கம்பெனி போனில் நன்றாக ஓடுவது இன்னொரு கம்பெனி போனில் படுத்துக்கொள்ளும். இவ்வளவையும் சமாளித்து நிற்கும் ஒன்றைத்தான் உங்கள் கணினி நிபுணர் இரண்டு வாரம் புரட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவருக்கு என் வாழ்த்துகள்.

என் செயலி பூப்படம் காட்டுவதற்கு இல்லை. கையை அடக்க முடியாதவர்களுக்கு. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை போனைத் தொடமாட்டேன் என்று நீங்களே குறித்துக் கொடுத்தால், ஆறு மணிக்குத்தான் அது திறக்கும். கெஞ்சினாலும் திறக்காது. முடிந்ததும் ‘வாழ்த்துகள், இன்று உங்களை நீங்களே வென்றீர்கள்’ என்று ஒரு வரி வரும். அந்த வரியை நான்தான் எழுதினேன். அப்போது நன்றாக இருப்பதாகத்தான் பட்டது.

இதை யாரிடமாவது கொடுத்துச் சோதிக்க வேண்டுமே. வீட்டில் அத்தான் இருந்தார்.

அத்தானைப் பற்றி அறிக்கையில் ‘லிஃப்ட் பழுதுபார்ப்பவர், வயது நாற்பத்தாறு’ என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். எதைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிற கை அவருக்கு. வீட்டில் திருகு இறுக்கமாக இருந்த சாமான் ஒன்றுகூட கிடையாது. எல்லாருக்கும் நல்லவர். என்னை ‘பூட்டுக்காரர்’ என்று கூப்பிடுவார், மரியாதையோடு. வீட்டுக்கு யார் வந்தாலும், “இவர்தான் நம்ம பூட்டுக்காரர். இவர் போட்ட பூட்டை யாராலும் மூட முடியாது” என்று அறிமுகம் செய்துவைப்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இரண்டு வருடம் நான் நன்றாகச் சிரித்தேன் ஐயா, வேண்டுமானால் அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் பதிப்பை அவர் கையில் கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறு மாத வேலை. அவர் நடுவில் இருக்கும் பொத்தானை இரண்டு தரம் அமுக்கினார், திரைச்சீலை ஒதுங்கிவிட்டது. நாற்பது நொடி. அந்த நாற்பது நொடியில் கால்வாசி அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடியதில் போனது.

இரண்டாம் பதிப்பில் அந்த வழியை அடைத்தேன். அவர் திரையின் உச்சியிலிருந்து அறிவிப்புப் பட்டையைக் கீழே இழுத்து, அதிலிருந்த அமைப்புகளுக்குள் புகுந்து வெளியே வந்தார். காப்பி குடித்துக்கொண்டே, இடது கையால். மூன்றாம் பதிப்பில் போனை அணைத்துப் போட்டார். போன் கண்விழிப்பதற்கும் என் செயலி கண்விழிப்பதற்கும் நடுவில் பத்து நொடி இடைவெளி இருந்தது. அந்தப் பத்து நொடி அவருக்குத் தாராளமாகப் போதும். “மாப்ளே, காவக்காரன் தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள நான் வீட்டைக் காலி பண்ணிட்டேன்” என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை, ஆகவே ஒரு நல்ல காரியம் நடந்தது என்றே வைத்துக்கொண்டேன்.

நாலாம் பதிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் எல்லா வழியையும் அடைத்திருந்தேன், ஒன்றைத் தவிர. அவசர அழைப்பு. எந்தப் பூட்டிலும் கீழே ஒரு மூலையில் அந்த எழுத்து இருக்கும், பார்த்திருப்பீர்கள். அத்தான் அதைத் தொட்டார், எண்கள் வந்தன, அங்கிருந்து ரத்த வகை எழுதிவைக்கும் பக்கம், அதிலிருந்து தெரிந்தவர்கள் பட்டியல், அவ்வளவுதான், வெளியே நின்று கையாட்டினார்.

அந்தப் பொத்தானையே எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். முதல் தடவையாக அவர் முகத்தில் விளையாட்டுப் போய்விட்டது.

“அதை எடுக்காத மாப்ளே. லிஃப்ட்டுக் கதவைப் பார்த்திருக்கியா? வெளிப்பக்கம் மேல ஓரமா சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். எல்லாக் கதவுலயும் இருக்கும். உள்ள ஆள் மாட்டிக்கிட்டா அதுல சாவியை விட்டுத் திருப்பித்தான் நாங்க திறப்போம். கதவு போடறவன் அந்த ஓட்டையையும் போட்டே ஆகணும்.”

“அப்ப திருடனும் அதுல நுழைவானே அத்தான்.”

“நுழைஞ்சா நுழையட்டும். மாட்டிக்கிட்டவன் வெளிய வரணுமில்ல?”

பேச்சு நன்றாக இருந்தது. ஆனால் அந்த ஓட்டையில் நுழைந்து என் ஆறு மாத உழைப்பை எட்டு நிமிடத்தில் கழற்றிப்போட்டவர் அவரேதான். மாட்டிக்கொண்டவர் யாரும் அதுவரை அந்த வழியாக வரவில்லை.

ஐந்தாம் பதிப்பில் நான் வேறு வழிக்குப் போனேன். போனை முழுசாகவே ஒரு செயலியின் கையில் ஒப்படைக்கும் முறை ஒன்று உண்டு. கடைகளில் பில் போடும் கருவிகளில் அப்படித்தான் செய்திருப்பார்கள், வேறு எதையும் அதில் திறக்க முடியாது. அதைப் பிடித்தேன். பொத்தான் இல்லை, பட்டை இல்லை, அணைத்துப் போட்டாலும் முதலில் விழிப்பது என் செயலிதான். வருகிற அழைப்பு ஒலிக்காது. அவசர அழைப்பும் இல்லை. அதற்குப் பதிலாகத் திரையில் ஒரு பெட்டி: ‘ஏன் திறக்க வேண்டும்? காரணம் எழுதவும்.’ எழுதியது நேராகக் காவலருக்குப் போகும். காவலர் என்பது போனின் சொந்தக்காரர் நம்பித் தேர்ந்தெடுக்கும் ஒரு ஆள். அவர் திரையில் காரணத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். காரணம் சரியென்று பட்டால் அவர் அதை அமுக்கலாம், போன் திறந்துவிடும். அத்தான் போனுக்குக் காவலர் நான்.

அன்றைக்கு மூன்று மணி நேரம் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் மாடியில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக நிதானமாக நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போது காரணப் பெட்டியிலிருந்து ஒரு வரி வந்தது. “அக்காவுக்கு மயக்கம். ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணணும். திற.” பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு, செருப்பைக்கூட மறந்து படி இறங்கி ஓடினேன். கடைசி மூன்று படியில் சறுக்கி முழங்காலைப் பேர்த்துக்கொண்டேன். கூடத்தில் அக்கா கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். அத்தான் திறந்த போனை உயர்த்திக் காட்டினார்.

“பூட்டை எதுக்கு உடைக்கணும் மாப்ளே? பூட்டினவரை உடைச்சா போதாதா?”

அக்கா அவரைத் திட்டினாள். “அவனைப் போய் இப்படி ஓட விடறீங்களே, முட்டியில ரத்தம் பாருங்க” என்று மருந்து போட்டுவிட்டாள். போடும்போது அவள் உதடு துடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று முழுக்க யோசித்ததில் ஒரு உண்மை விளங்கியது. செயலியில் எல்லா ஓட்டையும் அடைபட்டுவிட்டது. மிச்சமிருந்த ஓட்டை நான்தான். இந்த மாதிரி விஷயத்தில் உணர்ச்சிவசப்படக் கூடாது ஐயா, தொழில் அது. ஓட்டை என்று தெரிந்தால் அடைக்க வேண்டும்.

நாலு நாள் கழித்து, காலைச் சாப்பாட்டின்போது பந்தயம் வைத்தேன். ஆறாம் பதிப்பு, ஒன்பது மணிக்குப் பூட்டு விழும், ஆறு மணிவரை தாங்கினால் அவர் அக்கா முன்னால் ‘உன் பூட்டைத் திறக்க முடியவில்லை’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். உலகத்தில் வேறு எதுவும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

அவர் உடனே ஒத்துக்கொண்டார். கையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார். நீட்டும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நிஜமாவே அவசரம்னா?”

“காரணம் எழுதுங்க அத்தான். நான் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பேன். திறந்துவிடறேன்.”

“சரி” என்றார். அக்கா சாட்சி.

இங்கே ஒரு தொழில்நுட்ப விவரம். உங்கள் நிபுணர் ஐந்தாம் பதிப்புக்கும் ஆறாம் பதிப்புக்கும் என்ன வேறுபாடு என்று தேடித் தேடிக் களைத்திருப்பார். நிரலில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஐந்து என்ற எண்ணை ஆறு என்று மாற்றினேன். வேறு எந்த மாற்றமும் அதில் கிடையாது.

அன்றைக்கு அவருக்கு வேலை இருந்தது இன்னும் யாரும் குடிவராத ஒரு கட்டடத்தில். கூட வரவேண்டிய ஆள் விடுப்பு. இரண்டு பேர் இல்லாமல் லிஃப்ட்டுக்கு அடியிலிருக்கும் குழியில் இறங்கக் கூடாது என்று அவர்கள் கம்பெனியில் விதி இருக்கிறது. விதியை எழுதியவர்கள் குழியில் இறங்குவதில்லை, ஆகவே அத்தான் தனியாகவே இறங்கினார். இதெல்லாம் உங்கள் அறிக்கையில் அருமையாக வந்திருக்கிறது.

காலையில் அவர் அனுப்பிய காரணங்கள் வழக்கம்போலத்தான் இருந்தன. ஒன்பதே காலுக்கு, “பூட்டுக்காரரே, கொட்டாவி வருது, திறங்க.” பத்து மணிக்கு, “உங்க அக்காவைப் பார்க்கணும்போல இருக்கு, படம் உள்ள இருக்கு.” நான் மாடியில் உட்கார்ந்து படித்துச் சிரித்தேன். நடுவில் இரண்டு முறை போனை அணைத்துப் போட்டிருக்கிறார், பதினொரு முறை பட்டையை இழுத்துப் பார்த்திருக்கிறார். எல்லாம் என் திரையில் வரிசையாக விழுந்தது. பூட்டு அசையவில்லை.

பதினொன்றே காலுக்கு வந்தது இது: “ஏணி சரிஞ்சு குழில விழுந்துட்டேன். கால் எலும்பு வெளிய தெரியுது. ரத்தம் நிக்கல. திற.”

அன்று மாலை நீங்கள் கேட்டபோது, எனக்கு எந்தச் செய்தியும் வந்து சேரவில்லை என்று சொன்னேன். அதைத்தான் உங்கள் நிபுணரும் பிடித்துக்கொண்டார். அத்தான் போனில் பதினேழு காரணங்கள் இருந்தன, என் பக்கம் ஒன்றுமில்லை, ஆக நடுவில் செயலி கோளாறு. என் பக்கம் இருந்ததை நான் அழித்திருந்தேன் ஐயா. பதினேழும் வந்தன, எழுதி முடித்த அதே நொடியில். லிஃப்ட் குழியின் அடியிலிருந்தும் ஒரு செய்தி தவறாமல் வந்து சேரும்படி எழுதுவது எவ்வளவு சிரமம் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.

விளையாட்டு என்று நினைத்தாயா என்று அடுத்து கேட்பீர்கள். அப்படிச் சொன்னால் எனக்கு வசதிதான், ஏற்கெனவே ஒருமுறை ஏமாற்றியவர் வேறு. ஆனால் லிஃப்ட் வேலை பார்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விழுவதைப் பற்றிப் பேசமாட்டார்கள். அக்கா கல்யாணமான புதிதில், “பார்த்து, விழுந்துடாதீங்க” என்று வழியனுப்பப் போய், அவர் அன்று வேலைக்கே போகவில்லையாம். அதற்குப் பிறகு அந்தச் சொல் அந்த வீட்டில் கிடையாது. நான் படியில் சறுக்கியதைக்கூட ‘இடறிட்டான்’ என்றுதான் சொன்னார்கள். எத்தனையோ பொய் சொல்லக்கூடிய மனிதர், இதைச் சொல்லமாட்டார். ‘விழுந்துட்டேன்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

விரல் பச்சைப் பொத்தானின் மேல்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அப்போது நான் நினைத்தது இதுதான். இப்போது திறந்தால் ஆள் பிழைத்துவிடுவார். கட்டுப் போட்டுக்கொண்டு கூடத்தில் சாய்ந்து உட்காருவார். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், “கால் போச்சு, ஆனா பூட்டுக்காரரோட ஆறாவது பூட்டும் திறந்திருச்சு” என்று சொல்வார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அக்கா உதட்டைக் கடித்துக்கொள்வாள். பந்தயத்தில் எலும்பு முறிந்தால் என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை. ஆறு மணிக்கு இன்னும் ஏழு மணி நேரம்கூட முழுசாக இல்லை.

பதினொன்று பதினெட்டுக்குக் கட்டடம் இருக்கும் தெருவை எழுதினார். பதினொன்று இருபத்தைந்துக்கு, “விளையாட்டு இல்ல மாப்ளே.” அதற்குப் பிறகு, “காவலாளிக்கு கூப்பிடற குரல் கேக்கல. யாரையாவது அனுப்பு.” நான் விரலை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தது நான் காத்திருந்தது. “ஒத்துக்கறேன். உன் பூட்டைத் திறக்க முடியல. நீ ஜெயிச்சுட்ட. இப்ப திற.”

அதை மட்டும் அழிப்பதற்கு முன் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தாளோடு சேர்த்துத் தருகிறேன்.

உடனே திறந்திருக்கலாமே என்பீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் பந்தயம் ஆறு மணிவரை. பாதியில் ஒத்துக்கொள்வதும் ஒரு தந்திரமாக இருக்கலாம், அவர் குணம் உங்களுக்குத் தெரியாது. அக்கா கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். போய்ச் சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன். அவள், “அவருக்குக் காலையிலிருந்து போன் பண்றேன், போகவே மாட்டேங்குது” என்றாள்.

“பந்தயம்க்கா. ஆறு மணி வரைக்கும் மணி அடிக்காது.”

“அந்த மனுஷனுக்கு நல்லா வேணும்” என்று சிரித்துக்கொண்டே குழம்பு ஊற்றினாள்.

கடைசிச் செய்தி இரண்டு ஐந்துக்கு. ஒரே ஒரு எழுத்து. ‘தி’. மிச்சத்தை நானே முடித்துக்கொண்டேன்.

சொன்ன வாக்குப்படி ஆறு மணிக்குப் பூட்டு தானாகத் திறந்தது. ஒரு நொடி முன்பின் இல்லை. ‘வாழ்த்துகள், இன்று உங்களை நீங்களே வென்றீர்கள்’ என்று திரையில் வந்திருக்கும். ஆறு ஒன்றுக்கு அக்கா அழைத்தாள். ஒன்பது மணி நேரத்தில் முதல்முறையாக அந்தப் போன் மணியடித்தது, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மாலையில் சுற்றிப் பார்க்க வந்த கட்டடத்துக் காவலாளி குழியை எட்டிப் பார்த்தார். அவர் போனை எடுத்து அக்காவிடம் சொன்னதையெல்லாம் நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன்.

இதற்குமேல் நான் எழுதத் தேவையே இருந்திருக்காது. அறிக்கை தயாராகிவிட்டது, விபத்து என்று கோப்பு மூடப்படும், அன்று மாலைக்குப் பிறகு என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. முந்தாநாள் அக்கா மாடி ஏறி வந்தாள். அத்தான் போனதிலிருந்து அவள் படியேறியது அன்றுதான். நான் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தேய்த்த சட்டைகளைப் பக்கத்தில் அடுக்கினாள். என் தலையில் கை வைத்தாள்.

“உன் மேல தப்பில்லடா. அவர் எழுதினது உனக்கு வந்து சேர்ந்திருந்தா நீ ஓடியிருக்க மாட்டியா? அன்னைக்குப் பொய்னு தெரியாம முட்டியைப் பேத்துக்கிட்டு ஓடி வந்தவன்தானே. அந்தப் பாழாப்போன ஆப்புதான் சரியில்ல. வேலை செய்யாத ஒண்ணை நம்பி போனைக் குடுத்துட்டார் மனுஷன்.”

வேலை செய்யாத ஒன்று. இரண்டு வருடம் ஐயா. அவளுடைய சோற்றைத் தின்று, அவள் புருஷனின் கேலியைக் கேட்டு, அங்குலம் அங்குலமாக அடைத்துக் கொண்டுவந்த பூட்டு. அவள் என் தலையைத் தடவியபடி அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். அவள் வேறு எதற்கோ அழுதாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். செய்திகள் பதினேழும் என்னை வந்தடைந்தன. பச்சைப் பொத்தான் நன்றாக வேலை செய்தது. நான் படித்தேன், புரிந்துகொண்டேன், அமுக்கவில்லை. மூன்றாம் பக்கம் நாலாவது வரியில் ‘கோளாறு’ என்பதை அடித்துவிட்டு அந்த இடத்தில் என்னைப் போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அக்காவிடம் மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள், அந்தப் பூட்டில் ஒரு குறையும் இல்லையென்று. நம்பவில்லை என்றால் அந்தப் படத்தைக் காட்டுங்கள். அத்தானே எழுதிக் கொடுத்திருக்கிறார்.